உன் காலுக்கு நான் வைத்த நேர்த்தி

மகளுக்கு,

இதை வாசிக்கத் தொடங்க முதல் ஒரு வேலை செய். போன ஞாயிற்றுக்கிழமை கடையில் நின்று எனக்குக் காட்டினாயே, கடதாசி மாதிரி மடிகிற சப்பாத்து, அதை இன்னும் வாங்கவில்லையென்றால் வாங்காதே. வாங்கிவிட்டாயென்றால் பனி கரையும்வரை அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டு. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். அது நீளமான கதை, எனக்கு வெட்கக்கேடான கதை. என் வெட்கம் தீரும்வரை உன் கால்விரல்கள் காத்திருக்க மாட்டா என்பதால் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

துறைமுகக் களஞ்சியத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் நான். அங்கே எழுதிய கடிதமெல்லாம் அரைப் பக்கம்தான். 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று தொடங்கி, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்துக் கையெழுத்து வைத்துவிட்டு எழும்பிப் போய்விடலாம். உண்மையுள்ளவன் என்று எத்தனை ஆயிரம் தரம் கையெழுத்து வைத்தேனோ தெரியாது. உனக்கு இதற்கு முதல் நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுதவேண்டிய காலத்தில் போன் வந்துவிட்டது, போனில் பொய் சொல்வது சுகம், முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டால் போதும். அதனால்தான் இதைத் தாளில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் போன் எடுத்தபோது அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நீ கடைக்குள் நின்றாய். மூன்று சோடிச் சப்பாத்தை வரிசையாக வைத்துக் காட்டினாய். ஒன்று உள்ளே கம்பளி வைத்துத் தைத்த தடித்த அடி, ஒன்று கீழே சின்னச் சின்ன ஆணி வைத்தது, மூன்றாவது இந்த மெல்லிய சாமான். அதை ஒரு கையால் சுருட்டிக் காட்டினாய். "அப்பா, இதின்ர அடி நாலு மில்லிமீற்றர்தான். கீழ கிடக்கிற சின்னக் கல்லுக்கூடக் காலுக்குத் தெரியுமாம். இது சப்பாத்துக் கணக்கில வருமோ? சல்லிக் கோயில் அம்மாள் கோவிப்பாவோ?" என்று கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். ஆனால் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். பின்னால் உன் மனிசன், "விரல் கழண்டு விழுந்தாப்பிறகு அம்மாளிட்டயே போய்க் கேளும்" என்றார். அப்போதுதான் நீ சொன்னாய், போன குளிரில் வலது காலில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் வெள்ளையாகி விறைத்துப்போய், டொக்டரிடம் போனாயாம். இன்னொருமுறை இப்படி வந்தால் விரல் மிஞ்சும் என்று சொல்ல ஏலாது என்றாராம். நாளைக்கு மழை வரும் என்பதுபோல அதைச் சொன்னாய். நான் "பிள்ளை, சிக்னல் சரியில்லை, பிறகு கதைக்கிறன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

எனக்குப் பனி தெரியாது. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளிர் என்றால் மார்கழி மழைக்கு ஒரு சால்வை, அவ்வளவுதான். அதனால் திங்கட்கிழமை காலை மீன் சந்தைக்குப் போனேன். வள்ளத்தில் வந்த மீனைப் பெட்டிக்குள் அடுக்கி ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கையை ஐஸுக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். "ஐயா, மீன் பாக்கிறீங்களோ, ஐஸ் பாக்கிறீங்களோ?" என்றான் வியாபாரி. முதலில் குளிர்ந்தது, பிறகு எரிந்தது, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. "கையை எடுங்கோ ஐயா. விறைச்சாப்பிறகு வெட்டினாலும் தெரியாது" என்று அவனே என் கையைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டான். ஐந்து நிமிடம்கூட ஆகியிராது. நீ நாற்பது நிமிடம் ஓடுகிறாய். வீட்டுக்கு வந்தபிறகும் விரலால் சேர்ட் பொத்தானைக் கழற்ற முடியவில்லை, அம்மாதான் கழற்றிவிட்டா.

நீ இருக்கிற நோர்வேயில், வெறுங்காலின் அருமையைப் பேசுகிற ஓட்டக்காரர் கூட்டமே இருக்கிறது என்றும், அவர்கள் மெல்லிய அடிச் சப்பாத்தை ஆசைப்பட்டுத் தேடி வாங்குகிறார்கள் என்றும் முன்பு சொல்லியிருக்கிறாய். ஆசைப்பட்டு வாங்குகிறவனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனும் காலுக்குள் சூடு இருக்கிறதா, ஈரம் வருகிறதா என்று பார்த்துத்தான் வாங்குவான். விறைத்தால் அடுத்த கிழமை வேறொன்றைப் போடுவான். நீ அப்படிப் பார்த்து வாங்கவில்லை. கோடையில் பூங்காப் புல்லில் வெறுங்காலோடு ஓடிவிட்டு, பனி விழுந்ததும் கடைக்குப் போய், இருப்பதற்குள் எது மெல்லியது, எது சப்பாத்து இல்லாத மாதிரி, எதைப் போட்டால் அம்மாளுக்கு வைத்த நேர்த்திக்கடன் முறியாது என்று தேடுகிறாய். பதினாறு வயதில் உன் காலில் நான் கட்டிவிட்ட நேர்த்தி அது. அதைப்பற்றித்தான் இந்தக் கடிதம்.

பள்ளிக்கூடக் காலத்தில் நீ விடிய எழும்பி உட்துறைமுக வீதியால் ஓடுவாய், நான் விசிலோடு சைக்கிளில் பின்னால் வருவேன். சப்பாத்துப் போட்டு ஓடுகிற பழக்கம் உனக்கு இருக்கவில்லை, உன்னோடு ஓடின பிள்ளைகள் பாதிப் பேருக்கும் இருக்கவில்லை. வலய மட்டத்தில் மூவாயிரம் மீற்றரில் நீ முதலாவதாக வந்தபோது பேப்பரில் படம் போட்டார்கள். உன் முகத்தை விட உன் வெறுங்கால்தான் அந்தப் படத்தில் பெரிதாகத் தெரிந்தது. மறுநாள் துறைமுக வாசலில் காவலுக்கு நின்றவன்கூட என்னை மறித்து, "வெறுங்காலோட ஓடுற பிள்ளையின்ர அப்பா நீங்கள்தானே?" என்று கேட்டான். களஞ்சியத்தில் ஆணியும் கயிறும் எண்ணிக்கொண்டிருந்த ஒருவனை அதுவரை யாரும் மறித்து ஒன்றும் கேட்டதில்லை. எனக்கு அது பிடித்தது. நன்றாகவே பிடித்தது. ஓடியது நீ, மூச்சு வாங்கியது நீ, தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது நான்.

அந்தப் படத்தை ஜேர்மனியிலிருந்து உன் பெரியப்பாவும் பார்த்தார். இரண்டு மாதத்தில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே நீல நிறத்தில் ஓடுகிற சப்பாத்து ஒரு சோடி, மேலே ஒரு துண்டுக் கடிதம். நீ சப்பாத்தைத்தான் பார்த்தாய், கடிதத்தை நான் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன். அதில் எழுதியிருந்ததை இன்றைக்கும் என்னால் பார்க்காமல் சொல்ல முடியும். "தம்பி, பேப்பரில பிள்ளையின்ர படம் பாத்தனான். வெறுங்காலோட ஓடுறாள், மனம் கேக்கேல்ல. உனக்கு ஏலாட்டி எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே." இவ்வளவுதான். இதில் ஒரு பிழையும் இல்லை, மகள். ஒரு தமையன் எழுதக்கூடியதுதான். ஆனால் எங்கள் அப்பாவின் செத்தவீட்டுக்கு வராத மனிதர் அவர். அவருக்கு அந்த நேரம் அங்கே இருக்க விசா ஒன்றும் கிடைக்கவில்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவன்போல அந்தக் கோபத்தை வைத்து வளர்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவர் எனக்கு 'ஏலாது' என்று எழுதிவிட்டார். அவருடைய சப்பாத்து என் பிள்ளையின் காலில் ஏறினால், பேப்பரில் வருகிற அடுத்த படத்தில் தெரியப்போவது என் ஏலாமைதான் என்று எனக்குப் பட்டது.

அடுத்த சனிக்கிழமை உன் விளையாட்டு ரீச்சர் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தா. யார் சொன்னார்களோ, சப்பாத்து வந்திருப்பது அவவுக்குத் தெரிந்திருந்தது. முன் விறாந்தையில் கதிரையில் இருந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே கதைத்தா. "சேர், மாகாண மட்டப் போட்டி நடக்கிற மைதானம் எங்கட மணல் மாதிரி இல்லை. கிறவல் தரை, வெயிலுக்குக் காஞ்சு கல்லாக் கிடக்கும். பிள்ளை பாதம் நோகுது எண்டும் சொல்லுறாள். இப்பவே சப்பாத்தைப் போட்டுப் பழகட்டும்." அவ சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. பதில் இல்லாதவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் சொன்னேன்: "அது ஏலாது ரீச்சர். பிள்ளைக்குப் பத்து வயதில நெருப்புக்காய்ச்சல் வந்தபோது சல்லி அம்மாளுக்கு நேர்த்தி வைச்சனான். தேசிய மட்டத்தில முதலாவதா வருமட்டும் வெறுங்காலோடதான் ஓடுவாள் எண்டு."

இப்போது எழுதும்போது யோசித்துப் பார்க்கிறேன், பத்து வயதில் நீ ஓடுவாய் என்றே யாருக்கும் தெரியாது. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குத் தேசிய மட்டத்தை நினைத்து யாராவது நேர்த்தி வைப்பார்களா? ஒருவராவது அதைக் கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. ரீச்சர் வேதக்காரி, மாதா கோயிலடியில் வீடு. தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "நேர்த்தி எண்டால் நான் ஒண்டும் சொல்ல ஏலாது சேர், அது உங்கட விசயம்" என்று எழும்பிவிட்டா. அம்மா, "எனக்கு நீங்கள் சொல்லவேயில்லையே" என்று மட்டும் கேட்டா, பிறகு கையெடுத்துச் சல்லிப் பக்கம் பார்த்துக் கும்பிட்டா. நீ தலை முழுகிவிட்டு ஈரத் துவாயோடு கதவடியில் நின்றாய். "ஓம் ரீச்சர், நேர்த்தி எண்டால் நான் போடேல்ல" என்றாய். அந்த நீலச் சப்பாத்தை அவ்வளவு ஆசையாகத் தடவிப் பார்த்த பிள்ளை, ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் அதைச் சொன்னாய்.

மகள், நேர்த்தி என்று ஒன்று இருக்கவில்லை. அந்தக் கதிரையில் இருந்தபடி, அந்த நிமிடத்தில், நான் வாயில் வந்ததைச் சொன்னேன். அம்மாளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் தருவதாகச் சொல்லவும் இல்லை. உனக்குக் காய்ச்சல் மாறியது ஆஸ்பத்திரியில் ஏற்றின சேலைனால்.

பொய்யைச் சொன்னவன் அடுத்த நாளே எடுத்திருக்கலாம். ஆனால் அது என் கையை விட்டுப் போய்விட்டது. அம்மா அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து உனக்காக விரதம் பிடிக்கத் தொடங்கினா. தெருவில் கண்டவர்கள் பயபக்தியோடு உன் காலைப் பார்த்தார்கள். பேப்பர்காரன் இரண்டாம் தரமும் வந்து நேர்த்தியைப் பற்றியே எழுதினான். நீ பாதத்துக்கு உள்ளே குத்துகிறது என்று சொல்லும்போதெல்லாம் நான் நல்லெண்ணெய் பூசி உருவிவிட்டேன். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால் அவர் சப்பாத்துப் போடச் சொல்வார் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தில் ஐந்து கிழமை எண்ணெய் பூசினேன்.

மட்டக்களப்பில் நடந்த போட்டியை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஐந்தாம் சுற்றுவரை நீதான் முன்னுக்கு வந்தாய். பிறகு எட்டு வைத்த கால் கீழே ஊன்றவில்லை, முகம் அடிபட விழுந்தாய். பாதத்து நடு எலும்பில் முதலே வெடிப்பு இருந்திருக்கிறது, அது அன்றைக்கு முறிந்துவிட்டது என்று டொக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டினார். சப்பாத்துப் போட்டிருந்தால் முறிந்திராது என்று அவர் சொல்லவில்லை. ஓய்வு கொடுத்திருந்தால் முறிந்திராது என்றுதான் சொன்னார். என் பக்கத்துக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான், அதுவும் எண்ணெய் பூசின கதையைக் கேட்டால் மாறிவிடும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு நீ என்னிடம், "அப்பா, நான் நேர்த்திப்படிதானே ஓடினனான், அம்மாள் ஏன் இப்பிடிச் செய்தவ?" என்று கேட்டாய். அதுதான் எனக்குக் கிடைத்த இடம். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் உன் தலையைத் தடவி, "அம்மாள் சோதிக்கிறா பிள்ளை" என்றேன். நான் வாழ்க்கையில் சொன்ன சொற்களுக்குள் மிகக் கேவலமானவை அவை. முதல் பொய்யை என் ரோசத்துக்காகச் சொன்னேன் என்றாவது வைத்துக்கொள்ளலாம், இரண்டாவதுக்கு அப்படி ஒரு சாட்டும் இல்லை.

அதற்குப் பிறகு நீ ஓடவில்லை. படித்தாய், வேலைக்குப் போனாய், கலியாணம் முடித்து நோர்வேக்குப் போனாய், உனக்கும் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. கதை முடிந்தது, நான் தப்பிவிட்டேன் என்று இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முதல் நீ திரும்ப ஓடத் தொடங்கியிருப்பதாகச் சொன்னபோதுகூடச் சந்தோசம்தான் பட்டேன். வெறுங்காலோடு ஓடுகிறாய் என்று கேட்டபோது அங்கத்தைய நாகரிகம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

போன புதன்கிழமை நீ திரும்ப எடுத்தாய். அம்மா கடைக்குப் போயிருந்தா. "அப்பா, உங்களிட்ட ஒண்டு சொல்ல வேணும், கோவிக்கக் கூடாது" என்றாய். பிறகு சொன்னாய். மட்டக்களப்புக்குப் போகிறதுக்கு முதல் நாள் பின்னேரம், நாங்கள் இருவரும் வெளியே போன நேரம், அலுமாரியைத் திறந்து பெரியப்பாவின் சப்பாத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தாயாம். முற்றத்தில் ஒரு சுற்று ஓடியும் பார்த்தாயாம். "அதாலதான் அப்பா கால் முறிஞ்சது. நேர்த்தியை நான்தான் முறிச்சனான். உங்களையும் அம்மாவையும் அவமானப்படுத்திப் போட்டன். இந்தமுறை எண்டாலும் ஒழுங்கா இருப்பம் எண்டுதான் அந்த மெல்லிய சப்பாத்துக்கே இவ்வளவு யோசிக்கிறன்." நீ அழவில்லை. பதின்மூன்று வருடமாகச் சுமந்த ஒன்றை இறக்கி வைக்கிற ஆறுதலோடு சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "அதெல்லாம் பழைய கதை, விடு பிள்ளை" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன்போல அல்ல, உன்னை மன்னித்துவிட்டவன்போலச் சொன்னேன். போனை வைத்தபிறகு எனக்கு என்னிலேயே அருவருப்பாக இருந்தது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிட்டுக் கோப்பையை எனக்கு முன்னால் வைத்த கை அப்படியே நின்றது. பிறகு உன்னைப் பற்றித்தான் யோசித்தா. "பிள்ளைக்கு இதைச் சொல்லாதேங்கோ. சல்லிக்குப் போய் ஒரு பொங்கல் வைச்சு, நேர்த்தி தீர்த்தாச்சு எண்டு படம் எடுத்து அனுப்புங்கோ. அவள் நல்ல சப்பாத்தாப் போடுவாள், விசயம் முடிஞ்சுது. சொன்னீங்கள் எண்டால் அவள் உங்களோட கதைக்க மாட்டாள்" என்றா. எனக்கு அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை அரிசியும் சக்கரையும் பையில் போட்டுக்கொண்டு நிலாவெளி பஸ் ஏறி, சல்லிச் சந்தியில் இறங்கிக் கோயிலுக்கு நடந்தேன். கருவாடு காயப்போட்டிருந்த பாயைச் சுற்றிக்கொண்டு ஒரு மனிசி, "நேர்த்தியோ ஐயா?" என்று சிநேகமாகக் கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "ஆருக்கு, என்ன நேர்த்தி, சொல்லுங்கோ" என்றார். உன் பெயரைச் சொன்னேன். நட்சத்திரத்தைச் சொன்னேன். என்ன நேர்த்தி என்று சொல்ல வாய் வரவில்லை. இதுவரை அம்மாளின் பெயரைச் சொல்லி மற்றவர்களிடம்தான் பொய் சொல்லியிருந்தேன், அவவுக்கு முன்னாலேயே நின்று சொல்ல எனக்குத் துணிவு இருக்கவில்லை. "பிள்ளை சுகமா இருக்க வேணும்" என்று மட்டும் சொல்லி, அரிசியையும் சக்கரையையும் மடைப்பள்ளியில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

பஸ்ஸில் வரும்போது இன்னொன்றும் விளங்கியது. நான் பொங்கல் வைத்துப் படம் அனுப்பியிருந்தால் நீ தடித்த சப்பாத்துப் போட்டிருப்பாய், விரலும் தப்பியிருக்கும். ஆனால் நேர்த்தியை முறித்தவள் நீ என்ற நினைப்பு அப்படியே இருந்திருக்கும். தகப்பன் வயது போன காலத்தில் மகளின் குற்றத்துக்காகப் பொங்கல் வைத்துத் தீர்த்தார் என்று நீ என்னைக் கும்பிட்டிருப்பாய். அந்தக் கும்பிடு எனக்கு வேண்டாம்.

பின்னேரம் ரீச்சர் வீட்டுக்குப் போனேன். இளைப்பாறிவிட்டா, தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். "சேர், எனக்கு அது பொய்யோ எண்டு அப்பவே ஒரு சந்தேகம் வந்தது. நான் வேற சமயம், என்னால திருப்பிக் கேக்க ஏலாது எண்டு தெரிஞ்சுதானே நீங்கள் அதைச் சொன்னனீங்கள்?" என்றா. அப்படித் திட்டம் போட்டுச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஏனென்றால் அந்த நேரம் அது வேலை செய்யும் என்று எனக்குள் எங்கேயோ தெரிந்திருந்தது. மகளுக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்றேன். "பொய்யை ஊருக்கு முன்னால சொன்னீங்கள். மெய்யை மட்டும் உறைக்குள்ள போட்டு ஒட்டிப் போட்டு இருக்கப் போறீங்களோ?" என்றா. பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மலருக்கு உன்னைப் பற்றி ஏதாவது எழுதித் தரச்சொல்லி இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், வெறுங்கால் படத்தையும் போடப்போகிறார்களாம். இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப்போகிறேன். பெரியப்பாவுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். நீ வாசித்துவிட்டு வேண்டாம் என்றால் மலருக்கு மட்டும் கொடுக்கமாட்டேன், அது உன் படம், உன் கால்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சல்லியிலிருந்து வந்து பார்த்தேன், அன்றைக்கும் உனக்கான விரதம்தான். "இனி எதுக்கு?" என்று கேட்டேன். "அது எனக்கும் அம்மாளுக்கும் இடையில. அதுக்குள்ள நீங்கள் இல்லை" என்றா. அதற்குப் பிறகு தேவைக்கு மேல் என்னோடு கதைப்பதில்லை. எனக்குச் சாப்பாடு போடுகிறா, மருந்து எடுத்துத் தருகிறா. நாற்பது வருடம் கூட இருந்தவவின் மௌனம் எவ்வளவு பாரம் என்று இந்த நாட்களில் அறிந்துகொண்டேன். நீ அவவோடு அடிக்கடி கதை.

உனக்குப் புத்திமதி சொல்கிற தகுதி எனக்குப் போய்விட்டது, ஆனாலும் இரண்டு விசயம் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முதலாவது, உன் பிள்ளையின் காலிலும் கையிலும் உன்னுடைய ரோசத்தைக் கட்டிவிடாதே. அவளில் உனக்குப் பெருமை வருகிற நேரம் கொஞ்சம் நின்று, இது அவளுக்கா எனக்கா என்று கேட்டுப் பார். நான் கேட்கவில்லை. அவள் நோகுது என்றால் நோகுது, எண்ணெய்ப் போத்தலைத் தேடாமல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. இரண்டாவது, அடுத்தமுறை நான் எதையாவது சாமியின் பெயரால் சொன்னால் என்னை நிறுத்திக் கேள்வி கேள். நீ கேள்வி கேட்காத பிள்ளையாக வளர்ந்ததை நான் நல்ல வளர்ப்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

சப்பாத்துக்கு வருகிறேன். நாளைக்கே அந்தக் கடைக்குப் போ. உள்ளே கம்பளி வைத்ததாக, ஈரம் உள்ளே போகாததாக, விரல்கள் நெருக்குப்படாமல் அசைய இடமுள்ளதாகப் பார். ஐஸ் கட்டின வீதியில் ஓடுவதென்றால் ஆணி வைத்ததை எடு. தடித்த சொக்ஸ் போட்டுக்கொண்டு போய் அளவு பார். மெல்லிய அடிதான் உன் காலுக்கு உண்மையிலேயே இதமாக இருக்கிறது என்றால் கோடையில் அதைப் போடு, யாரையும் கேட்காமல் போடு. விரல் வெளிறினால் அந்த நிமிடமே நின்று வீட்டுக்குப் போ. அதை அம்மாளின் சோதனை என்று எண்ணிக்கொண்டு மிச்சத் தூரத்தை ஓடி முடிக்காதே. பனியைக் கண்ணால் காணாத ஒருவன் எழுதுகிறான் என்று உன் மனிசன் சிரிக்கக்கூடும், சிரிக்கட்டும். அவர் சொன்னதுதான் சரி என்று அவருக்குச் சொல். ஓடுவதை மட்டும் விட்டுவிடாதே. ஒருமுறை என்னால் விட்டது போதும்.

முற்றத்தில் சப்பாத்தோடு ஒரு சுற்று ஓடிய பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை. உன்னுடைய சாமானைத்தான் நீ போட்டுப் பார்த்தாய். இதை வாசித்தபின் நீ என்ன செய்வாய் என்பதும் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. அப்பா பாவம், வயது போய்விட்டது, பெரியப்பாவும் அப்படி எழுதியிருக்கக் கூடாது என்று ஒரு நியாயம் தேடி எடுத்துவிட்டு, உடனே போன் எடுத்து, பரவாயில்லை அப்பா என்பாய். தயவுசெய்து அப்படிச் சொல்லாதே. பதின்மூன்று வருடம் இல்லாத ஒரு கோபத்துக்குப் பயந்து உன் விரலைக்கூடக் கொடுக்க நின்றாய். அம்மாள் உன்னில் ஒருநாளும் கோபிக்கவில்லை. கோபிக்க வேண்டியவள் நீ. அந்தக் கோபத்தை ஒரு சொட்டும் விடாமல் என்னில் காட்டு. மன்னிப்பதா இல்லையா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

அப்பா